திருத்திய கட்டுரை

"ஒரு எழுத்துகூட எழுதலை மேடம். வெறும் தாளை நீட்டிட்டு மரம் மாதிரி நிக்கிறா!"

தமிழ் மிஸ் அந்தத் தாளைத் தலைமை ஆசிரியையின் மேசைமேல் வைத்தாள். மேலே பெயர், ஒன்பதாம் வகுப்பு, 'விடுமுறை நாள்' என்று தலைப்பு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அந்தப் பெண் கதவோரமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வகுப்புலேயே நல்லா எழுதுறவ இவதான்னு நீங்கதானே சொல்வீங்க?"

"அந்தச் சாயம்தான் இன்னிக்கு வெளுத்துப்போச்சே! இத்தனை நாளா வீட்டுல உட்கார்ந்து ஏஐகிட்ட கேட்டு வாங்கி, நோட்டுல பார்த்து எழுதிட்டு வந்திருக்கா. இன்னிக்கு என் கண்ணு முன்னாடி எழுதச் சொன்னேன். கை ஓடலை."

"அப்படியாம்மா?"

தலைமை ஆசிரியை அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"வாயைத் திறக்கமாட்டா மேடம். குட்டு உடைஞ்சுபோச்சில்ல? யோசிக்கிற வேலையை மெஷின் தலையில கட்டிட்டு, மார்க்கை மட்டும் இவ வாங்கிப்பாளாம். இப்பவே கண்டிக்கலைன்னா நாளைக்கு வகுப்பு மொத்தமும் இதையேதான் செய்யும்."

தலைமை ஆசிரியை அந்தப் பெண்ணையே கொஞ்சநேரம் பார்த்தாள்.

"சும்மா பழி போடக்கூடாது. இவளோட கட்டுரை நோட்டைக் கொண்டு வாங்க. பார்த்துட்டுப் பேசலாம்."

"இதோ வர்றேன்" என்று மிஸ் விறுவிறுவென்று ஆசிரியர் அறைக்குப் போனாள். அலமாரியில் அடுக்கியிருந்த நோட்டுகளில் அவளுடையதை உருவி, நின்றபடியே புரட்டினாள். வயசுக்கு மீறின பெரிய வார்த்தை நாலு கிடைத்தால் போதும், அடிக்கோடு போட்டுக் காட்டிவிடலாம்.

கடைசிக் கட்டுரை, 'எங்கள் வீட்டில் ஒரு மாலை'. அதில் பெரிய வார்த்தை ஒன்றுகூட இல்லை.

'அப்பா படியேறி வரும் சத்தம் கேட்டால் தங்கையைக் கட்டிலுக்கு அடியில் போகச் சொல்லிவிடுவேன். அடி விழும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று அம்மாவே டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள். நேற்று அம்மாவின் காதிலிருந்து ரத்தம் வந்தது. மிஸ், இது கதை இல்லை. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் எப்படியும் படிப்பீர்கள் என்றுதான் இதில் எழுதுகிறேன்.'

அதற்குக் கீழே சிவப்பு மையில், மிஸ்ஸின் சொந்தக் கையெழுத்தில்:

'உணர்ச்சி மிக்க நடை. ஒற்றுப்பிழைகளைக் கவனி. 18/20.'

தேதி, மூன்று வாரத்துக்கு முந்தையது.

மிஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கத்தை அவள் இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறாள்.

ஐந்து வகுப்பு, இருநூற்றுச் சொச்சம் நோட்டு. மூன்று மாதமாகவே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து ஏஐயிடம் கொடுத்துவிடுவாள். அது சொல்கிற மார்க்கையும் கருத்தில் முதல் இரண்டு வரியையும் பார்த்து நோட்டில் எழுதிவிடுவாள். மார்க் சரியாகத்தானே இருக்கிறது, யாருக்கு என்ன நஷ்டம் என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொள்வாள்.

போனை எடுத்து அந்தத் தேதிக்குப் போனாள். மார்க், முதல் வரி, இரண்டாவது வரி. எல்லாம் அவள் நோட்டில் எழுதியதுதான். மூன்றாவது வரியும் ஒன்று இருந்தது.

'இது உண்மைச் சம்பவமாக இருக்கலாம். மாணவியிடம் ஆசிரியர் தாமதிக்காமல் நேரில் பேச வேண்டும்.'

அவள் இரண்டு வரியோடு நிறுத்தியிருந்தாள்.

நோட்டு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால்? யார் அலமாரியைத் துழாவப் போகிறார்கள்? கொஞ்சநேரம் அந்த நினைப்போடு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள்.

தலைமை ஆசிரியையின் அறையில் இப்போது அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தண்ணீர் டம்ளர், தொடாமல் அப்படியே இருந்தது.

"கதவைச் சாத்திட்டு வாங்க" என்றாள் தலைமை ஆசிரியை. "இவங்க அம்மாவை நேத்து ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்களாம். இன்னும் கண்ணு முழிக்கலை. அப்பாவைப் போலீஸ் கூட்டிட்டுப் போயிருக்கு. தங்கச்சியைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, எங்க போறதுன்னு தெரியாம ஸ்கூலுக்கு வந்திருக்கு இந்தக் குழந்தை."

மிஸ் நோட்டோடு கதவைச் சாத்திவிட்டு மேசையருகில் வந்து நின்றாள்.

தலைமை ஆசிரியை பெண்ணின் பக்கம் குனிந்தாள். "ஏம்மா, இவ்வளவு நாளா நடந்திருக்கு. எங்கள்ல யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

பெண் நிமிர்ந்தாள். மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லலை மேடம்."

மிஸ் நோட்டை விரித்து மேசைமேல் வைத்தாள்.

"சொல்லியிருக்கா மேடம். மூணு வாரத்துக்கு முன்னாடியே என்கிட்டதான் சொல்லியிருக்கா. நான் படிக்கவே இல்லை. மெஷினைப் படிக்கவிட்டு, அது சொன்ன மார்க்கை எடுத்துப் போட்டேன்."

தலைமை ஆசிரியை படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மிஸ்ஸை ஏறிட்டுப் பார்த்தாள்.

அந்தப் பெண் சட்டென்று எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"மிஸ்ஸைத் திட்டாதீங்க மேடம். நான்தான் புரியற மாதிரி எழுதலை."