புதுக் குரல்

குரல் கேட்டு இயங்கும் வீட்டைக் காக்கப் போட்ட ஆன்டிவைரஸே ஃபேன், அடுப்பு, வாசற்கதவு எல்லாவற்றையும் முடக்கிவிட்டது. வியர்த்து வழிந்த மங்கையர்க்கரசி சர்வீஸ்காரரைப் போனில் பிடித்துக் கத்தினாள்.

"வைரஸைப் பிடிக்கச் சொன்னா வீட்டையே பூட்டி வெச்சிருக்கு!"

"மேடம், பத்தேகாலுக்கு ஏதோ புதுக் குரல் 'ஃபேன் போடு'ன்னு சொல்லியிருக்கு. தெரியாத குரல், அதான் பூட்டிடுச்சு. வீட்ல யாரு இருந்தா?"

"நான் குளிச்சிட்டிருந்தேன். ஹால்ல என் பொண்ணு மட்டும்தான். மூணு வயசாகியும் அவளுக்கு இன்னும் பேச்சே..."

அவர் அந்தக் குரலின் பதிவைப் போனில் ஓடவிட்டார். மழலையில் ஓர் அதட்டல்: "ஃபேனு போடு!"

மங்கை மகளை வாரியெடுத்து முத்தமாகப் பொழிந்தாள்.

"பூட்டை எடுத்துடவா மேடம்?"

"மொதல்ல அவ குரலைச் சேருங்க சார். ஃபேனை அவளே போடட்டும்!"