ஓம், இருக்கிறன்

"அப்பா எப்ப தம்பி செத்தவர்? பக்கத்து வீட்டிலை இருக்கிற எனக்கே ஒரு வார்த்தை சொல்லேல்லையே!"

போனில் செல்வநாயகி அக்காவின் குரல் நடுங்கியது.

சிவகரன் யாழ்ப்பாணத்தில் ஒரு லீசிங் கம்பனியின் விற்பனை அதிகாரி. வேலைக்கு வந்ததும் வராததுமாக, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் போன் பண்ணி ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா விசர்க்கதை கதைக்கிறியள்? அப்பாவுக்கு ஒண்டுமில்லை."

"அப்ப ஏன் பிரேத வண்டி வந்தது? வெள்ளைத் துணியாலை போர்த்து ஏத்திக்கொண்டு போட்டாங்கள். ஆனா தம்பி..." அக்கா குரலைத் தாழ்த்தினார். "கை அசைஞ்சது. என்ரை கண்ணாலை கண்டனான்."

அப்பா தனியாக இருக்கும் மானிப்பாய் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினான் என்று அவனுக்கே தெரியாது.

வீடு திறந்தபடி கிடந்தது. குளியலறை வாசலில் ஒற்றைச் செருப்பு. பக்கத்தில் அப்பாவின் பழைய போன்.

எடுத்துப் பார்த்தான். ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு ஒரே அழைப்பு. பெயர்: மலர்ச்சாலை.

சவப்பெட்டி விற்கிறவர்களுக்கு அப்பாவிடம் தினமும் என்ன கதை?

"அஞ்சு மாசமா உதுதான் தம்பி," என்றார் பின்னாலேயே வந்த அக்கா. "காலமை போன் அடிக்கும். அப்பா 'ஓம், இருக்கிறன்' எண்டு மட்டும் சொல்லிப்போட்டு வைப்பார். கேக்கவே எனக்குப் பயமாக் கிடக்கும்."

சிவகரன் அந்தப் போனிலிருந்தே மலர்ச்சாலைக்கு எடுத்தான்.

"இந்த நம்பரிலை ஆர் கதைக்கிறது?" என்றது ஒரு பெண் குரல். "ஐயா எங்களோடை எல்லோ இருக்கிறார்?"

"நான் மகன்!"

"ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. உயிர் இருக்குது."

வார்டில் அப்பா தம்பிஐயா கண்மூடிக் கிடந்தார். சேலைன் இறங்கிக்கொண்டிருந்தது. கட்டிலருகே நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. கழுத்தில் தொங்கிய மலர்ச்சாலை அட்டையில் ஜெயகௌரி என்று இருந்தது.

"மனிசன் எப்ப சாகும் எண்டு நாள்தோறும் கேட்டோ யாவாரம் பிடிக்கிறியள்? வெக்கமில்லை?" வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான் சிவகரன்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"முந்தி நாங்களும் கண்ட ஆக்களுக்கெல்லாம் போன் பண்ணி, செத்தவீட்டுக்கு இப்பவே பதிஞ்சு வையுங்கோ எண்டு கேட்டனாங்கள்தான். எல்லாரும் ஏசினவை. உங்கடை அப்பா மட்டும் ஏசேல்லை. 'நாளைக்கும் போன் பண்ணு பிள்ளை. நான் எடுக்காட்டி வாங்கோ. என்னை நாறவிட்டிடாதேங்கோ' எண்டார்."

சிவகரன் கட்டிலில் கிடந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அந்த நாளோடை விக்கிறதுக்குப் போன் பண்றதை விட்டிட்டம். தனிய இருக்கிற நாப்பத்திரண்டு பேரைக் காலமை விசாரிக்கிறம். ஒராள் மற்ற ஆளைச் சொல்லிவிடுகினம். யாவாரமும் நடக்குதுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. இண்டைக்கு ஐயா எடுக்கேல்லை. போய்ப் பாத்தால் விழுந்து கிடந்தார். எங்களிட்டை இருக்கிறது பிரேத வண்டி மட்டுந்தான். அதிலை ஏத்திக்கொண்டு வந்தம். அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் கஷ்டமாம், டொக்டர் சொன்னவர்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே?" அவன் குரல் இறங்கிவிட்டது.

"உங்கடை நம்பரைத்தான் ஐயா தந்தவர். ஏழு தரம் அடிச்சனான். கட் பண்ணிக்கொண்டே இருந்தியள். பிறகு லைனே கிடைக்கேல்லை."

போனைப் பார்த்தான். ஏழும் இருந்தன. எவனோ எதையோ விற்க எடுக்கிறான் என்று காலையில் வேலைக்குப் போகும் அவசரத்தில் அவன்தான் வெட்டிவிட்டான். கடைசியில் அந்த எண்ணையே வராமல் தடுத்தும் வைத்தான். தொழில் தெரிந்தவன் அல்லவா!

அப்போது தம்பிஐயா மெல்லக் கண் திறந்தார்.

"அப்பா!" சிவகரன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

அவருடைய பார்வை அவனைத் தாண்டி ஜெயகௌரியைத் தேடியது.

"இண்டைக்கு நான் போன் எடுக்கேல்லை எண்டு பயந்துபோனியோ, பிள்ளை?"