எட்டு மணிக் கோலம்

"எட்டு மணிக்கு எவளாவது கோலம் போடுவாளா?" என்று கேட்டாள் சண்முகத்தாய்.

கேட்டது பக்கத்து வீட்டு மாரிக்கனியிடம். கேட்டது எதிர்வீட்டு ஜெபாவைப் பற்றி.

ஜெபா தெருவில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலோடு நிற்கிற கோலம் இல்லை. ஓரத்தில் ஒரு முழம் மட்டும் விட்டு, தெருவையே அடைக்கிற கோலம்.

"அதுவும் வேதக்காரி. கிறிஸ்மஸுக்கு ஒரு ஸ்டார் போட்டாப் போதாதா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு இன்னொன்னு வேற போடுதா" என்றாள் மாரிக்கனி. "காலேஜ் பயலுவ பூராம் அவ வாசல்ல பைக்கை நிறுத்தி, கால ஊனி ஊனிப் போறானுவ. அதுல ஒரு பெருமை. வீட்டுக்காரர் பட்டாளத்துல இருக்காருல்ல, கேக்க ஆளில்ல."

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் புதிதாக முளைத்த நகர் அது. பால், காய்கறி, பஸ் ஸ்டாப் எல்லாம் நடக்கிற தூரம். வாடகையும் அதற்குத் தகுந்த மாதிரி. நடக்காதவர்கள் மாணவர்கள் மட்டும்தான். காலையில் முதல் பீரியடுக்கு அந்தத் தெரு வழியாகத்தான் பைக்கில் பறப்பார்கள்.

நடக்கிற தூரம் என்பதற்காகவே சண்முகத்தாயும் இங்கே குடிவந்தாள். அவள் புருஷன் ஐயாதுரைக்குப் பல்கலைக்கழகத் தோட்டத்தில் வேலை. ராஜபாளையத்தில் இருபத்தாறு வருஷம் மில்லில் மெஷின்களுக்கு நடுவே நின்றதில் அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. சைக்கிளில் அனுப்பப் பயந்து, செட்டியார்பட்டி வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தாள். நாலு வீடு தாண்டினால் ஒரு சந்து. சந்துக்குள் நுழைந்தால் பின்கேட்.

காது கேட்காத விஷயத்தை மாரிக்கனியிடம்கூட அவள் சொன்னதில்லை. சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் எதிரே யார் வந்தாலும் ஐயாதுரை முதலில் சிரித்துவிடுவார். சிரிக்கிற ஆளை யாரும் நிறுத்திப் பேச்சுக் கொடுப்பதில்லை.

அன்றும் எட்டேகாலுக்குத் தூக்குவாளியோடு கிளம்பினார். கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடந்தார். ஜெபாவைப் பார்த்துச் சிரித்தார். ஜெபாவும் சிரித்தாள்.

மாரிக்கனி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. அண்ணாச்சி கிளம்புறது எட்டேகால். அவ கோலம் எட்டு மணி. அண்ணாச்சி வாரது அஞ்சரை. அவ கோலம் அஞ்சு மணி."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் காபி கொடுக்கும்போது புருஷன் முகத்துக்கு நேராக நின்று, வாயசைவு தெரியும்படி கேட்டாள் சண்முகத்தாய். "எதுத்த வீட்டுக் கோலம் எப்படி இருக்கு?"

"அருமையா இருக்கு. தினமும் ஒரு தினுசு" என்றார் ஐயாதுரை வெள்ளந்தியாக.

தன் பங்குக் காபியை அவள் வாசலில் கொட்டினாள்.

மறுநாள் காலை ஜெபா கோலத்தை முடித்துவிட்டு வீட்டுக்குள் போனாள். ஐயாதுரை செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சண்முகத்தாய் ஒரு வாளித் தண்ணீரோடு தெருவில் இறங்கி, கோலத்தின் மேல் அப்படியே கவிழ்த்தாள். கோலம் கரைந்து சாக்கடைக்கு ஓடியது.

ஜெபா வெளியே வந்தாள். "என்னக்கா செஞ்சீக?"

"தெருவைக் கழுவுனேன். உனக்கென்ன?"

"மணி என்னக்கா ஆச்சு?"

"எட்டேகால். அவிய கிளம்பியாச்சு. நல்லாப் பாத்துக்க."

ஐயாதுரை நடுத்தெருவில் நடக்க ஆரம்பித்திருந்தார். அவருக்குப் பின்னால், தெருமுனையில் பைக் சத்தம். இரண்டு மூன்று வண்டிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன. ஹாரன் காதைப் பிளந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது, அவரைத் தவிர.

ஜெபா வெறுங்காலோடு ஓடிப்போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள்.

முன்னால் வந்த பைக் கிறீச்சிட்டு, அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

ஓட்டி வந்தவனுக்கு முகம் வெளிறிவிட்டது. "என்னக்கா நீங்க... இந்த இடத்துல தினமும் கோலம் இருக்கும், உருட்டிக்கிட்டுப் போவோம். இன்னைக்கு இல்லையேன்னு முறுக்கிட்டேன்."

ஐயாதுரை எதுவும் தெரியாமல் நாலு வீடு தாண்டி, சந்துக்குள் திரும்பி மறைந்தார்.

சண்முகத்தாய் காலி வாளியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என் கையாலேயே அவரைக் கொல்லப் பார்த்தேனே என்று அழுகை முட்டியது.

பைக்குகள் போன பிறகு ஜெபா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டாள் சண்முகத்தாய்.

"நீங்க குடிவந்த ரெண்டாம் நாளே தெரியும்க்கா. பின்னால ஹாரன் அடிச்சும் அண்ணாச்சி திரும்பல. எங்கப்பாவும் மில்லுலதான் இருந்தாவ. இதே மாதிரிதான் எதுக்க வர்றவங்களப் பாத்தெல்லாம் சிரிப்பாவ."

"பயலுவகிட்ட மெதுவாப் போங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? தினமும் இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு..."

"சொன்னா ஏன்னு கேப்பானுவ. அண்ணாச்சி விஷயத்தச் சொல்லணும்."

ஜெபா விரலில் ஒட்டியிருந்த கோலமாவைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கோலம் போட்டா ஏன்னு யாரும் கேக்க மாட்டாவன்னு நெனச்சேன்க்கா."