ஷோகேஸ் கண்ணாடியில் ஒரு கோடு

அம்சவல்லி பல் தேய்க்கிற பேஸ்ட்டைப் பிதுக்கி ஷோகேஸ் கண்ணாடியில் அப்பி, பழைய பனியன் துணியால் தேய்க்க ஆரம்பித்தாள்.

கோடு விரல் நீளம்கூட இல்லை. கிழித்தது வேலாயியின் மூக்குத்தி. அதைப் பிடுங்கிக் கிழித்தவள் அம்சவல்லியேதான்.

வேலாயி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள், கூலிக்காரர்களின் லயத்தில் குடியிருக்கிறவள். அவள் மகள் ஜெயாவைத்தான் கட்டுவேன் என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பிள்ளை, அம்சவல்லியின் மகன் விஜயன் ஒற்றைக் காலில் நிற்கிறான். பிரிஞ்சாங் டவுனில் கடை வைத்திருக்கிறவர்களெல்லாம் பெண் கொடுக்கக் காத்திருக்க, இவனுக்குப் புத்தி போன போக்கு இது.

பெண்ணுக்கு என்ன போடுவாய் என்று கேட்டதற்கு, வேலாயி இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, வைர மூக்குத்தி என்றாள். மாமியார் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தபோது அவர் மூக்கில் இருந்ததாம்.

வைரம் வைத்திருந்தவள் எதற்குக் கப்பலேறினாளாம்? அம்சவல்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வைரமென்றால் கண்ணாடியில் கோடு விழும். விழுந்த கோடு என்ன தேய்த்தாலும் போகாது. போய்விட்டால் அது வைரமில்லை, வெறும் வெள்ளைக்கல் உதிர்த்த மாவு. நகை பார்க்கத் தெரிந்த யாருக்கும் இது தெரியும்.

கோடு போனால் சம்பந்தமும் போகும். பொய் நகை காட்டுகிற வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று மகனிடம் சொல்லிவிட்டாள். அவனும் வேறு வழியில்லாமல் தலையாட்டிவிட்டு வேலைக்குப் போயிருந்தான்.

அதனால்தான் இந்தத் தேய்ப்பு. உள்ளே அடுக்கியிருந்த பீங்கான் கோப்பைகள் கிணுகிணுத்தன.

"போதும் விடு அம்சா. கண்ணாடி வீணாப் போவுது" என்றார் கிராணி சுப்பிரமணியம், பேப்பருக்குப் பின்னாலிருந்து. வீட்டு விஷயத்தில் வாயே திறக்காத மனிதர், இன்றைக்குத் திரும்பத் திரும்ப இதையே சொல்லிக்கொண்டிருந்தார். கட்டின பெண்டாட்டியின் மானத்தைவிடக் கண்ணாடி மேல் அத்தனை அக்கறை.

துணியை எடுத்துப் பார்த்தாள். பேஸ்ட் வந்திருந்தது, கோடு அப்படியே இருந்தது. அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். திருநீற்றையும் விட்டுவைக்கவில்லை. தடவிப் பார்த்தபோது நகம் கோட்டில் தட்டி நின்றது.

வேலாயி கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தேயிலைக் கறை ஏறிய விரல்கள் மடியில் கிடந்தன. முகத்தில் பயமும் இல்லை, கர்வமும் இல்லை. அதுதான் அம்சவல்லிக்கு எரிச்சலாக இருந்தது.

கோடு விழுந்துவிட்டால் ஆயிற்றா? பாட்டில் உடைசலில் கிழித்தாலும்தான் கோடு விழும். அசல் வைரம் எப்படிக் கிழிக்கும் என்று இந்த லயத்துக்காரிக்குக் காட்டாமல் விடுவதா?

அம்சவல்லி இடது காதுத் தோட்டைத் திருகிக் கழற்றினாள். அவள் கல்யாணத்துக்கு அப்பா போட்டது. போன தீபாவளிக்குத்தான் கிராணி ஈப்போவுக்குக் கொண்டுபோய்ப் பாலிஷ் போட்டு வாங்கி வந்திருந்தார்.

"இங்க பாரு வேலாயி. வைரம்னா எப்படிக் கிழிக்கும்னு பாத்துக்க."

கிராணி பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அம்சவல்லி அழுத்தி இழுத்துவிட்டாள். மூக்குத்திக் கோட்டுக்குப் பக்கத்திலேயே, அதைவிட நீளமாக, அதைவிட வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "தேச்சுப் பாரேன்" என்று துணியை நீட்டினாள்.

வேலாயி எழுந்து வந்தாள். கண்ணாடி நோகக்கூடாது என்பதுபோல மெதுவாக ஒரே ஒரு தடவை துடைத்தாள்.

நீளக் கோடு துணியோடு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த சின்னக் கோடு மட்டும் மிச்சமிருந்தது.

கிராணி திரும்பிப் போய் உட்கார்ந்து, பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

வேலாயி துணியை நான்காக மடித்து ஷோகேஸ் மேல் வைத்தாள்.

"பேஸ்ட்டு நல்ல பேஸ்ட்டுலா, கிராணியம்மா."

அம்சவல்லி தோட்டைக் காதில் மாட்டப் பார்த்தாள். விரலுக்கு ஓட்டை அகப்படவில்லை. நாளைக் காலையில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடைக்குக் கூடை இதுதான் பேச்சாக இருக்கும், வேலாயி வாயைத் திறந்தால்.

ஸ்டூலை நகர்த்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சம்மந்தி. நிச்சயத்த தை மாசத்துல வெச்சிக்கலாங்களா?"