விடுபட்ட ஒரு வரி

புதுக்குடியிருப்பில் காணி உறுதி எழுதும் நொத்தாரிசின் மேசையில், கூரை ஓட்டைக்குள்ளால் விழும் வெயில் வட்டமாய்க் குத்திக்காசளவில் கிடக்கிறது. லண்டனிலிருக்கும் தமையனுக்குப் பதிலாக மயில்வாகனம் கையெழுத்து வைக்க அங்கிருந்து வந்திருக்கும் அற்றோணித் தத்துவப் பத்திரத்தை நொத்தாரிசு வரிவரியாக விரலால் தடவுகிறார். பக்கத்து வாங்கில் அருந்ததி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருக்கிறாள். மயில்வாகனத்தின் தமையனிடம் அவள் ஈடு வைத்த வயல், இன்று பதிந்தால் அவளுடையதில்லை.

“இதின்படி நீங்கள் தேங்காய் பிடுங்கலாம், வழக்குப் பேசலாம், மாட்டுக்குக் குறிகூடச் சுடலாம்,” என்கிறார் நொத்தாரிசு. “ஈட்டுக் காணியைத் தமையன்ர பேருக்கு எழுதி எடுக்கலாமெண்டு மட்டும் இல்லை, அண்ணை. இதைப் பதியேலாது. புதுசு வரவேணும்.” “அது ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வாறதுக்குள்ள வயல் ரெண்டுதரம் விளைஞ்சிடும்,” என்கிறார் மயில்வாகனம். அருந்ததி நிமிர்கிறாள். “ரெண்டு போகம் எனக்குக் காணும் ஐயா, ஈட்டை மீட்டிடுவன்.” நொத்தாரிசு கண்ணாடியைக் கழற்றுகிறார். “உங்கட அண்ணருக்கு இந்தத் தத்துவத்துக்கு மாதிரி எழுதி அனுப்பின விசரன் ஆர்?” “நான்தான்,” என்கிறார் மயில்வாகனம், வெற்றிலையை மற்றக் கன்னக் கொடுப்புக்கு மாற்றியபடி.