ஒரே வெள்ளை

இரண்டு குப்பிகளிலும் வெள்ளைச் சிலந்தி. ஒன்று இந்தத் தீவில் பிடித்தது, மற்றது எதிர்த்தீவில். சிலந்தி ஆராய வந்த பெண் கஸ்பார் கிழவரிடம் நீட்டினாள்.

"ஒரே வம்சம். மூஞ்சியிலயே தெரியுதே" என்றார்.

"இல்ல பெரியவரே. இதுக்குச் சொந்தம் உங்க தீவுக் கறுப்புச் சிலந்தி. அதுக்குச் சொந்தம் அங்க உள்ள கறுப்பு. ரெண்டு தீவுலயும் தனித்தனியா வெளுத்திருக்கு."

அடுப்படியில் அவர் மனைவி ரெஜினாளின் கரண்டி நின்றது. மகளுக்கு எதிர்த்தீவுப் படகோட்டியின் பூனைக்கண் என்று, பிறந்த நாள்முதல் கிழவர் அவளை மகளென்று கூப்பிட்டதில்லை. நாளை அவளுக்குக் கல்யாணம். கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அப்பன்தான் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும். முடியாது என்றிருந்தார்.

"கேட்டியளா? மூஞ்சி ஒண்ணா இருந்தா வம்சமும் ஒண்ணுன்னு இல்லையாம்" என்றபடி ரெஜினாள் வெளியே வந்தாள். "நாளைக்கு அவ கையப் பிடிக்கப் போறது நீங்களா, இல்ல எதிர்த்தீவுக்காரனக் கூப்பிடட்டுமா?"

"பூச்சி புடிக்கிறவ பேச்சு உனக்கு வேதமோ?"

கிழவர் குப்பிகளைப் பிடுங்கி வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பிடித்தார். எது எந்தத் தீவு என்று இப்போது அவருக்கே தெரியவில்லை.

"எல்லாம் ஏமாத்து!" என்று கத்தினார். "என்னத்தடி பாத்துட்டு நிக்க? என் நல்ல சட்டைய எங்க வச்சித் தொலைச்ச?"