உப்புச் சுரங்கத்திலிருந்து ஏறிவந்த சொற்கள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு வருட வசந்தத்தில், சுரங்கத்துக் கூண்டு கடகடவென்று மேலேறி வந்து நிற்கிறது. உள்ளே உப்புப் பூத்த முதல் மரப்பெட்டி. நூறு வருடமாக அறிஞர்கள் எழுதிச் சேர்த்த ஜெர்மன் அகராதிச் சீட்டுகளை, குண்டுவீச்சுக்குப் பயந்து இங்கே இறக்கி வைத்திருந்தார்கள். சுரங்கத்தில் தண்ணீர் புகுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதிலிருந்து பதிப்பாசிரியர் இர்ம்காட்டுக்கு உறக்கமில்லை. தொழிலாளி அல்வின் கடப்பாரையால் மூடியை நெம்புகிறான். அவள் கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் கையை விடுகிறாள். சீட்டுகள் சருகாய்ச் சலசலக்கின்றன. ஒன்றை எடுத்து வெயிலில் பிடிக்கிறாள். கூட வேலை பார்த்து, போரில் இறந்த தோழியின் சாய்ந்த கையெழுத்து மை கலையாமல் இருக்கிறது. “உப்புல போட்டது கெடுமாம்மா?” என்று அல்வின் சிரிக்கிறான். அவள் கண்ணில் நீர் தளும்ப, அல்வின் பதறுகிறான்: “ஐயோ, தள்ளி நின்னு அழுங்க! சுரங்கத்துல நனையாத தாளு உங்க கண்ணீருல நனைஞ்சிடப் போவுது!” அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அழுகையினூடே வாய்விட்டுச் சிரிக்கிறாள்.